பூட்டும் அவிழ்ப்பும்

ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கிலே பத்தாயிரம் ரூபா உளது என்க. கணவன் மட்டக்களப்பு நகரிலும் மனைவி கல்முனையிலுமாக, ஒரே கணத்தில் ஆளுக்கு ஆயிரம் ரூபா இடுகின்றனர். இரு கிளைகளின் கணினிகளும் ஒரே ஏட்டைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் பத்தாயிரம் என்ற இருப்பே தெரிகின்றது. இரண்டும் ஆயிரத்தைக் கூட்டிப் பதினோராயிரம் என எழுதுகின்றன. பின்னர் எழுதியது முன்னர் எழுதியதை மூடிவிட, ஓராயிரம் சுவடின்றி மறைந்துவிடுகின்றது. இரவிரவாக வாவியில் வலைவீசிச் சேர்த்த பணமாயினும் கணினிக்கு அது தெரியாது. கூட்டலிற் பிழையில்லை, இருவர் ஒரே வேளையில் ஒரே ஏட்டிற் கைவைத்ததே பிழை.

இவ்விடரை நீக்கும் உபாயமே பூட்டு. தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். நம் பழைய மாணவருட் பலர் இன்று வங்கிகளிலும் கணினித் துறையிலும் தொழில் புரிகின்றனர். மேல்வகுப்பு மாணவரும் இதனைத் தமிழிலேயே பாடமாகக் கற்கின்றனர். தமிழிற் கற்பது தமிழிலே விளங்கவேண்டுமன்றோ?

கணினியில் ஒழுங்குபடச் சேர்த்து வைத்த ஏடுகளின் தொகுதி தரவுத்தளம். அதன் ஒவ்வோர் ஏடும் ஓர் அட்டவணை. பிரிக்கலாகாத ஒன்றாகக் கொள்ளப்படும் செயற்கோவை கொடுக்கல் வாங்கல் எனப்படும். ஒரு கணக்கிற் கழித்து மற்றொன்றிற் கூட்டுவது அத்தகையது. இரண்டும் நிகழவேண்டும், இன்றேல் இரண்டும் நிகழாதொழியவேண்டும்.

பூட்டின் தன்மையை நம்மூர்ப் புகையிரதப் பாதை நன்கு காட்டும். மாகோவிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால் அழிவு திண்ணம். இங்கிலாந்திலே நோரிச் நகருக்கு அண்மையிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில் 1874ஆம் ஆண்டு அவ்வாறு மோதி இருபத்தைந்து பேர் மாண்டனர். தந்திச் செய்தி ஒன்று பிழைபட்டதே காரணம். அதன்பின் எட்வேட் தையர் என்பார் 1878இல் ஒரு பொறியை அமைத்தார். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டியில் இடப்படுமட்டும் இரண்டிலிருந்தும் வேறு வில்லை எடுக்கவியலாது. வில்லை கையில் இல்லாத சாரதி வண்டியை நகர்த்தலாகாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலே நெடுங்காலம் வழங்கிய ‘டப்லட்’ முறை இதுவே. வளையத்திற் கோத்த வில்லையை நிலைய அதிபர் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து கைநீட்டி வாங்கும் காட்சியை முதியோர் மறந்திரார். 1960களில் டைக்ஸ்திரா என்ற ஒல்லாந்த அறிஞர் கணினிக்குள் இத்தகைய காவலை வகுத்தபொழுது, அதற்குப் புகையிரதக் கைகாட்டியின் பெயரையே இட்டார். ஆகவே இவ்வுவமை யான் வலிந்து புனைந்ததன்று.

ஆயினும் ஓரிடத்தில் உவமை முறிகின்றது. பொருளின் உயிர்நிலையும் அவ்விடத்திலேயே உளது. புகையிரதம் வழியிலுள்ள நிலையத்தில் ஒரு வில்லையைக் கொடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குரியதைப் பெறும். கொடுக்கல் வாங்கலோ வழியிற் பெற்ற பூட்டுகள் அனைத்தையும் பயணம் முடியுமட்டும் கையிலேயே வைத்திருக்கும். ஏன்? வண்டி கடந்த தூரம் கடந்ததுதான். கொடுக்கல் வாங்கலோ இடையிற் பழுதுபட்டால், செய்த அனைத்தையும் அழித்துத் தொடங்கிய நிலைக்கே மீளவேண்டும். முதற்கணக்கிற் கழித்தவுடன் பூட்டை விட்டால், வேறொருவர் அப்புதிய இருப்பைப் படித்து அதன்மேல் தம் கணக்கை எழுதிவிடுவார். பின்னர் முன்னையது அழிக்கப்படின், அவர் எழுதியது இல்லாத ஒன்றின்மேல் நிற்கும். ஆகவே நிலைநிறுத்தும் கட்டளையோ, மீட்கும் கட்டளையோ வந்த பின்னரே பூட்டு அவிழும். மீளும் முறையைச் செப்பமுற வகுத்த ‘ஏரீஸ்’ நெறியை 1992இல் வெளியிட்டோருள் முதல்வரான சி. மோகன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பழைய மாணவர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

தமிழிலே பூட்டு என்பது கதவுக்கு மட்டும் உரியதன்று. ஏரிலே எருதைப் பூட்டுகிறோம். உழவு முடிந்தே அவிழ்க்கிறோம். சாலுக்குச் சால் அவிழ்ப்பாரில்லை. நன்னூலார் கூறும் விற்பூட்டுப் பொருள்கோளில் செய்யுளின் முதற்சொல்லும் ஈற்றுச்சொல்லும் இயைந்தே பொருள் முற்றும். கொடுக்கல் வாங்கலின் தொடக்கமும் முடிவும் அவ்வாறே பூட்டுண்டு கிடக்கின்றன. ‘போஸ்ட்கிரஸ்’ என்னும் தரவுத்தளத்தில் அட்டவணையைப் பூட்டக் கட்டளை உண்டு; அதனைத் திறக்கத் தனிக் கட்டளை இல்லை. கொடுக்கல் வாங்கலுக்குப் புறத்தே பூட்டக் கேட்டால் பிழையென்று மறுத்துவிடும். ‘மைஎஸ்கியூஎல்’ என்பதில் திறக்கும் கட்டளை தனியே உண்டு. யான் முன்னையதன் நெறியையே விரும்புவேன்.

பூட்டெல்லாம் ஒரு தரத்தனவல்ல. போஸ்ட்கிரசில் அட்டவணைப் பூட்டு எட்டு வகை. படிப்போர் பெறும் பூட்டு மிக மெல்லியது. பலர் ஒருங்கே பெறலாம். எழுதுவோரையும் அது தடுக்காது. அட்டவணையின் அமைப்பையே மாற்றுவோர் பெறும் வன்பூட்டு ஒன்றே படிப்போரையும் தடுக்கும். 1924இல் எழுந்த பழைய கல்லடிப் பாலத்தை எண்ணுக. ஒடுங்கிய அப்பாலத்திலே ஒரு திசை வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்ல, மறுதிசையன காத்து நிற்கும். 2013இல் அகன்ற புதிய பாலம் திறந்த பின்னரே அந்நிலை மாறிற்று. அத்தகைய பாலத்தைப் பழுதுபார்க்க ஒருவர் வருகிறார் என்க. மேலே நிற்கும் வாகனம் இறங்குமட்டும் அவர் காத்திருப்பார். அவருக்குப் பின் வந்தோரும் அவரைத் தாண்டிச் செல்லவியலாது. அட்டவணையிலும் அவ்வாறே, வன்பூட்டுக்குக் காத்திருக்கும் ஒருவருக்குப் பின்னால் வெறுமனே படிக்க வந்தோரும் வரிசையில் நிற்க நேரும். அலுவலகங்களிலே ‘கணினி உறைந்துவிட்டது’ என்று முறையிடுவது சிற்சில வேளை இதுவே.

இருவர் பாலத்தின் நடுவே எதிர்ப்பட்டுவிட்டால்? ஒருவர் முதலாம் அட்டவணையைப் பூட்டி இரண்டாவதை வேண்ட, மற்றவர் இரண்டாவதைப் பூட்டி முதலாவதை வேண்டுவர். எவரும் விடார். போஸ்ட்கிரஸ், வேறு கட்டளை இல்லாதவிடத்து, ஒரு செக்கன் பொறுத்துப் பார்த்து, முட்டுப்பட்டிருப்பது உறுதியானால் ஒருவரது கொடுக்கல் வாங்கலை அழித்து மற்றவருக்கு வழிவிடும். அனைவரும் ஒரே வரிசையிற் பூட்டினால் இம்முட்டு நேராது.

இவை யாவற்றினும் தொல்லையானது, கட்டளை கொடுத்துப் பூட்டிவிட்டு, முடிக்காமல் தேநீர் அருந்தப் போனவரின் பூட்டு. அவர் ஒன்றும் செய்யவில்லை. எனினும் வில்லை அவர் சட்டைப்பையில் இருக்கின்றது. காலவரையறை முன்னரே இடப்பட்டிருந்தாலன்றிப் போஸ்ட்கிரஸ் தானாக அதனைப் பறிப்பதில்லை. பொறுப்பாளர் அவரது தொடர்பைத் துண்டிக்கலாம். அப்பொழுது அவர் செய்த அரைகுறை வேலை அழிந்து பூட்டும் அவிழும். அவரே கணினியின் மின்னை நிறுத்திவிட்டு வீடு சென்றாலும், தொடர்பு அறுந்ததைத் தரவுத்தளம் உணரும் வரை வெளியே நிற்போர் நின்றபடியே நிற்பர்.