எங்கே நாம் தேவைப்படுகின்றோம்?



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "எந்தத் தொழிலுக்குச் சம்பளம் அதிகம்?" என்பதாகும். "நான் எங்கே அதிகம் தேவைப்படுகின்றேன்?" என்று செபத்தோடு கேட்கும் குடும்பங்கள் எத்தனை?

அவ்வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடையளித்தவர் புனித யோசேவாஸ் அடிகளார். 1651 இல் கோவாவில் பிறந்த அவர், அங்கேயே மதிப்போடு பணியாற்றியிருக்கலாம். ஆனால் அங்கே குருக்கள் பலர் இருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்ட இலங்கையிலோ கத்தோலிக்கர் குருவானவரின்றித் தவித்தனர். எனவே 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். பின்னர் கண்டியில் ஒற்றரெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். ஆயினும் 1697 இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை மத வேறுபாடின்றித் தேடிச் சென்று பராமரித்தார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நமது பிள்ளைகளுக்கும் இத்தெரிவு உண்டு. நகரத்துப் பிரபல பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் விலகினால் அவ்விடத்துக்கு வரப் பலர் காத்திருப்பர். வன்னியின் குக்கிராமத்திலோ, மலையகத் தோட்டமொன்றிலோ கணிதம் கற்பிக்க ஒருவர் வந்தால், ஒரு தலைமுறையே நிமிரும். தொழிலைப் போலவே தொழில் தருபவரையும் ஆராய்தல் வேண்டும். கணக்காளரின் திறமை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை வளர்க்கவும் உதவும். ஏழைப் பெண்களைக் கடன் வலையில் சிக்கவைக்கும் நிறுவனத்துக்கும் உதவும். சம்பளம் ஒன்றாயிருக்கலாம், விளைவு ஒன்றல்ல.

பெற்றோரின் கடனும் தங்கையின் படிப்பும் அழுத்தும்போது எல்லோருக்கும் இத்தெரிவு எளிதன்று. குடும்பப் பொறுப்பும் இறைவன் ஒப்படைத்த கடமையே. தம்மிடம் வந்த வரிதண்டுவோரிடம் தொழிலைக் கைவிடுமாறு திருமுழுக்கு யோவான் கூறவில்லை. விதிக்கப்பட்டதற்கு மேல் அறவிடாதிருக்கவே பணித்தார் (லூக் 3:12-13). வேறு வழியற்றோர் இருக்குமிடத்திலேயே நேர்மையின் சாட்சிகளாகலாம். வழியுள்ளோருக்கோ அந்த வாய்ப்பே இறைவனின் அழைப்பு.

ஆகவே, வேலைக்கு விண்ணப்பிக்குமுன் ஒரு மாலை, செபமாலைக்குப் பின் குடும்பமாக அமர்ந்து கேளுங்கள்: இவ்வேலையால் வாழ்வு பெறுவோர் யார்? துன்புறுவோர் உண்டா? நான் செல்லாவிடின் அங்கு செல்வதற்கு வேறு எவரேனும் உளரா?

புனித யோசேவாஸ் அடிகளாரே, எங்கள் பிள்ளைகளுக்காக மன்றாடும்.