பல கோபுரங்களும் ஒரு கைத்தொலைபேசியும்

கண்டி மாநகர் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தினுள் அமைந்துள்ளது. தெற்கே ஹந்தானைத் தொடர். நகரை ஒட்டி ஒருபுறம் பைரவகந்தை, மறுபுறம் உடவத்தைக் காடு. இவற்றைச் சுற்றி வளைந்தோடுவது மகாவலி கங்கை. பகைவரைத் தடுத்து மன்னர்க்கு உதவிய இம்மலைகள் இன்று வானொலி அலைகளையும் தடுத்து நிற்கின்றன. அண்மையிலுள்ள கோபுரம் ஒரு முகட்டால் மறைக்கப்பட, தொலைவிலுள்ள கோபுரம் பள்ளத்தாக்கின் வழியே தெளிவாகக் கேட்பது மலைநாட்டில் வியப்பன்று. இத்தகைய நிலத்திற் கைத்தொலைபேசி தன் கோபுரத்திற்கு இடையறாது அனுப்பும் ‘அலைவழி நிலையறிக்கை’ பற்றிச் சில கூற விழைகின்றோம்.

1925 ஆம் ஆண்டு டிசம்பரிற் கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமானபோது, பேசுபவர் பேசினார், கேட்பவர் கேட்டார். கேட்பவருக்குத் தெளிவாகக் கேட்டதா என்பதை நிலையம் அறியாது. கைத்தொலைபேசியின் நிலை அவ்வாறன்று. கோபுரம் முன்னரே இருசாராரும் அறிந்த ஓர் அடையாளக் குறியை அனுப்புகின்றது. அது எவ்வளவு சிதைந்து வந்தது என்பதைக் கருவி அளந்து, ‘எனக்கு இவ்வளவு வேகத்தில் அனுப்பினால் விளங்கிக்கொள்வேன்’ என மறுமொழி கூறுகின்றது. நான்காம் தலைமுறை வலையமைப்பில் இம்மறுமொழி 0 முதல் 15 வரையான ஓர் எண். அனுப்பப்படும் பொதிகளிற் பழுதுறுவன நூற்றுக்குப் பத்தைத் தாண்டாதவாறு கருவி இவ்வெண்ணைத் தெரிகின்றது. எண் 1 இற்கும் 15 இற்கும் இடையே செய்தி செல்லும் அளவு ஏறக்குறைய 36 மடங்கு வேறுபடும். 0 என்பது ‘ஒன்றும் இயலாது’ என்பதாம். இதனோடு, அன்ரெனாக்கள் அலையை எவ்வாறு கூட்டித் திருப்ப வேண்டும், எத்தனை தாரைகளாகப் பிரிக்கலாம் என்னும் குறிப்புகளும் சேர்ந்து செல்லும்.

அறிக்கை விரைவில் மூப்படையும் என்பதே முதற் சிக்கல். 1800 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் பேராதனை வீதியிற் செல்லும் பஸ் வண்டி, செக்கனுக்குப் பத்து மீற்றர் செல்கின்றது. ஆகவே ஓர் அலைநீளத்தைக் கடக்க 17 மில்லிசெக்கன் போதும். கட்டடங்களிலும் மலைச்சரிவிலும் பட்டுத் தெறித்துவரும் அலைகள், அதிற் பாதித் தூரத்திலேயே ஒன்றையொன்று கூட்டவும் அழிக்கவும் வல்லன. அறிக்கைகளின் இடைவெளியோ, வலையமைப்பு விதிப்பதற்கேற்ப, 2 மில்லிசெக்கனிலிருந்து 160 மில்லிசெக்கன் வரை நீளலாம். அடிக்கடி அறிக்கை கேட்டால் அதுவே பாதையை நிரப்பிவிடும். அருகிக் கேட்டால், சென்ற வருடப் பஞ்சாங்கத்தில் இவ்வருட முகூர்த்தம் பார்த்த கதையாகும்.

இனி, பல கோபுரங்களின் செய்திக்கு வருவோம். எசலப் பெரஹரா நாளிற் சனத்திரளின் நடுவே நிற்கும் ஒருவருக்கு மூன்று கோபுரங்கள் ஒருங்கே கேட்கின்றன எனக் கொள்வோம். ஒன்று அவருக்குரியது, ஏனைய இரண்டும் பிறருக்குப் பேசி அவர் காதை அடைக்கின்றன. இவ்விடரை நீக்க, 3ஜீபீபீ எனும் சர்வதேச நியமக்குழுவின் பதினோராம் வெளியீடு (2012–2013) ஒரு வழி வகுத்தது. கோபுரங்கள் தம்முட் கலந்து, நொடிக்கு நொடி எது பேசுவது, எது வாளாவிருப்பது என முடிவு செய்யலாம். அன்றி, இரண்டு சேர்ந்து ஒருவருக்கே பேசலாம்.

ஆயின் முடிவெடுக்க அறிவு வேண்டும். மூன்றில் எதுவும் பேசலாம். ஏனைய இரண்டில் ஒவ்வொன்றும் இரையலாம் அல்லது மௌனமாகலாம். மும்மடங்கு நான்காகப் பன்னிரண்டு நிலைமைகள்! ‘முதற் கோபுரம் பேசி, இரண்டாவது அடங்கி, மூன்றாவது இரைந்தால் உன் எண் யாது?’ என ஒவ்வொன்றுக்கும் தனி விடை தேவை. சிறு கருவியின் கணிப்புச் சுமையையும் மின்கலத்தையும் எண்ணி, நியமம் ஓர் அலைவரிசைத் தொகுதிக்கு நான்கு விடைகளுக்கு மேல் விதிக்கவில்லை. பன்னிரண்டில் எந்த நான்கைக் கேட்பது என்பதை வலையமைப்பே தெரிந்தாக வேண்டும். இரைச்சலை அளப்பதற்கெனச் சில கணங்களில் குறித்த கோபுரங்களை அடக்கிவைக்கும் ஏற்பாடும் அந்நியமத்தில் உண்டு. நுட்பம் முழுவதும் இவ்வேற்பாட்டிலேயே உறைகின்றது என்பது எமது கருத்து.

இரு கோபுரங்கள் சேர்ந்து பேசுவது இதனினும் கடினம். இரு நாதஸ்வரங்கள் சுருதி சேர்ந்தால் இசை. சேராவிடின் காதுக்குத் துன்பம். இரு பாதைகளின் நீளம் எட்டுச் சென்ரிமீற்றரளவு மாறினாலே, கூட வேண்டிய அலைகள் ஒன்றையொன்று அழிக்கும். பதினோராம் வெளியீட்டின் அறிக்கையோ ஒவ்வொரு கோபுரத்தையும் தனித்தனியே கூறியதேயன்றி, அவற்றின் ஒப்பீட்டு நிலையைக் கூறவில்லை. ஐந்தாம் தலைமுறைக்கான பதினெட்டாம் வெளியீடே (2024) நான்கு கோபுரங்கள் வரை ஒத்திசைந்து பேசுதற்குரிய அறிக்கை முறையைத் தந்தது. கோபுரங்களை இணைக்கும் வழியும் விரைவானதாதல் வேண்டும். கண்ணாடியிழையில் ஒரு கிலோமீற்றருக்கு ஐந்து மைக்கிரோசெக்கனே செல்லும். இடையிலுள்ள கருவிகள் சில மில்லிசெக்கன் தாமதித்தாலோ, முற்கூறிய 17 மில்லிசெக்கனில் ஒரு பங்கு கழிந்துவிடும்.

2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நம் நாட்டின் பல கிராமங்களிலும் தோட்டங்களிலும் பிள்ளைகள் பாடங் கேட்பதற்காகக் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறினர். அவர்களுக்கு இவ்வித்தை உதவுமா எனப் பழைய மாணவர் சிலர் வினவலாம். இரு கோபுரங்கள் இரைந்து மோதும் இடத்திற்கு இது மருந்து. ஒன்றுமே கேளாத லயத்திற்கு மருந்தன்று. அங்கே புதுக் கோபுரமே வேண்டும். மற்றுமோர் இடரும் உண்டு. அறிக்கை அனுப்புவது கோபுரத்திற்குக் கேட்கும் கருவி மட்டுமே. மலையிடுக்கிலுள்ள வீட்டிலிருந்து 0 என்னும் எண்கூட வருவதில்லை. வந்த அறிக்கைகளை மட்டும் கூட்டிக் கணக்கிடுபவருக்கு அவ்வீடு கணக்கிலேயே இராது. அவ்வீட்டைக் காண்பதற்கு, அளவுகருவியைக் கையிலேந்தித் தேயிலைச் சரிவில் ஒருவர் நடந்தே செல்ல வேண்டும்.