அச்சு யார் கையில்? உங்க போனுக்குள் நடக்கும் ஒரு பழைய வாதம்

விருத்தாசலம் பீங்கான் அகல் விளக்கை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்துக் காயவைத்து, சூளையில் சுட்டு எடுப்பார்கள். விளக்கைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அச்சு பட்டறையில்தான் இருக்கும். வார்க்க வார்க்க அச்சு தேயும். புது அச்சு எடுக்க மூல அச்சு வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால்தான் அடுத்த வருஷமும் அதே விளக்கு வரும்.

உங்க போன்ல இருக்கிற செயலியும் இப்படித்தான். நீங்க டவுன்லோடு செய்வது சுட்டு எடுத்த விளக்கு. அதை உருவாக்கிய மூலநிரல்தான் அச்சு. அந்த அச்சு யாரிடம் இருக்க வேண்டும், யார் அதைப் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று மென்பொருள் எழுதுபவர்களுக்குள்ளேயே நாற்பது வருஷமாக வாதம் நடக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதில் இருந்து வரி கட்டுவது வரை போனிலேயே முடிக்கும் நமக்கும் அந்த வாதத்தில் பங்கு உண்டு.

முதலில் ஒரு சின்ன சோதனை

ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் செட்டிங்ஸ் போய், போனைப் பற்றிய பகுதியில் சட்டத் தகவல் என்பதைத் திறந்து பாருங்க. போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். உள்ளே நீளமான உரிமப் பட்டியல் ஒன்று வரும். உங்க போனுக்குள் இருக்கும் லினக்ஸ் உட்பட, பொதுவில் வைக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் அது. காசு கொடுத்து வாங்கிய போனில் பெரும் பகுதி இப்படிப் பொதுவில் இருக்கும் அச்சுகளில் வார்த்ததுதான்.

இலவசமா, கட்டற்றதா?

1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலாளர் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், படித்துப் பார்க்கவும், மாற்றவும், பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1998-ல் வேறு சிலர், 'உரிமை, சுதந்திரம்னு பேசினா கம்பெனிக்காரங்க ஓடிடுவாங்க. திறந்து வைத்தால் தரம் கூடும்னு சொல்லுவோம்' என்ற எண்ணத்தில் 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயரை முன்வைத்தார்கள். நிரல் பெரும்பாலும் ஒன்றுதான், நோக்கம்தான் வேறு. முதல் கட்சிக்கு இது உரிமைப் பிரச்சினை. இரண்டாம் கட்சிக்கு இது நல்ல வேலைமுறை.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்றால் இலவசம், சுதந்திரம் இரண்டையும் குறிக்கும். அதனால் அங்கே குழப்பம் தீரவே இல்லை. தமிழில் அந்தச் சிக்கல் கிடையாது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் செயலி எல்லாம் கட்டற்றது ஆகாது. நீங்க காசு கொடுக்காத பல செயலிகளின் அச்சை வெளியில் யாருமே பார்த்ததில்லை.

மாற்றிய அச்சைக் காட்டணுமா?

அடுத்த வாதம் உரிமம் பற்றியது. லினக்ஸ் வெளிவரும் ஜிபிஎல் உரிமம் சொல்வது இதுதான்: அச்சை எடுத்துக்கோ, மாற்றிக்கோ, ஆனால் மாற்றிய அச்சில் வார்த்த பொருளை ஒருவரிடம் கொடுத்தால், அந்த அச்சையும் அவருக்குத் தரணும். அப்பாச்சி உரிமம் அப்படிக் கேட்காது. எடுத்தவர் மாற்றி, அச்சைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டின் பெரும் பகுதி அப்பாச்சி உரிமத்தில்தான் வெளியாகிறது.

2007-ல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. நிரலைக் கொடுத்துவிட்டு, மாற்றிய நிரல் கருவியில் ஓடாதபடி பூட்டு போடுவதை அது தடுக்கப் பார்த்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. நிரலைத் திருப்பித் தந்தால் போதும், கருவியை எப்படிச் செய்வது என்பது தயாரிப்பாளர் பாடு என்றார். லினக்ஸ் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. அப்டேட் நின்றுபோன பழைய போன் உங்க வீட்டு டிராயரில் கிடந்தால், இந்த வாதம் உங்களையும் தொட்டிருக்கிறது. நிரல் கிடைத்தாலும், பூட்டு இருந்தால் அந்த போனில் புது அமைப்பு ஏற்ற முடியாது.

அரசு செயலி என்றால்?

2020 ஏப்ரலில் ஆரோக்கிய சேது வந்தபோது இந்த வாதம் நம்ம வீட்டுக்கே வந்தது. இருப்பிடத்தையும் புளூடூத்தையும் கேட்கும் செயலி உள்ளே என்ன செய்கிறது என்று எப்படி நம்புவது எனக் கேள்வி எழுந்தது. மே 26-ல் மத்திய அரசு ஆண்ட்ராய்டு செயலியின் மூலநிரலை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டது. பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசும் அறிவித்தது. வரவேற்றவர்கள் பலர். 'சர்வர் பக்கத்து நிரல் எங்கே? தகவல் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்காமல் பாதி அச்சை மட்டும் பார்த்து என்ன சொல்ல முடியும்?' என்று கேட்டவர்களும் அதே சமூகத்தினர்தான். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. எல்காட் நிறுவனம் 2006-07 காலத்திலேயே தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இரண்டும் இருந்தால் மாணவர் தேர்ந்தெடுக்கட்டும் என்றது ஒரு கட்சி. பாடம் லினக்ஸில் நடந்தால்தானே பிள்ளைகள் அதைத் திறப்பார்கள் என்றது மற்றொன்று. கேரளம் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்துகிறது.

திறந்திருந்தால் பாதுகாப்பா?

இதற்கு 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்க. எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருள் லினக்ஸ் கணினிகள் பலவற்றில் உண்டு. அதைப் பெரும்பாலும் ஒரே தன்னார்வலர்தான் பராமரித்து வந்தார். உதவுவது போல வந்த ஒருவர், இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் அதில் ஒரு திருட்டு வாசலைச் செருகினார். லாகின் ஆக அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததில் விஷயம் வெளியே வந்தது.

மூலநிரல் திறந்திருந்ததால்தான் பிடிபட்டது என்கிறது ஒரு தரப்பு. ஊரே பயன்படுத்தும் சூளையைச் சம்பளம் இல்லாத ஒருத்தர் தலையில் கட்டினால் இப்படித்தான் ஆகும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டும் சரிதான். திறந்து வைத்தால் பார்க்க முடியும், அவ்வளவுதான். பார்க்க ஆளும், அந்த ஆளுக்குக் கூலியும் தனியே வேண்டும்.

நீங்க என்ன செய்யலாம்?

• 'ஓப்பன் சோர்ஸ்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி எந்தச் செயலியையும் ஏற்றாதீங்க. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் தொடவே வேண்டாம். அரசு செயலியை, அந்தத் துறையின் இணையதளம் காட்டும் வழியில் மட்டும் எடுங்க.

• செயலி கேட்கும் அனுமதிகளைப் பாருங்க. ரசீது காட்டும் செயலிக்கு உங்க தொடர்பு எண்கள் எதுக்கு?

• பட்டறைக்கோ கடைக்கோ பில்லிங், கணக்கு மென்பொருள் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்க. 'நாளைக்கு உங்க கம்பெனி மூடிட்டா என் கணக்கை முழுசா வெளியே எடுக்க முடியுமா? எந்த ஃபார்மெட்டில்?' பதில் எழுத்தில் வரட்டும்.

• கடிதம், கணக்கு வேலைக்குத் திருட்டு நகல் ஏற்றுவதைவிட லிப்ரே ஆஃபீஸ் நல்லது. காசு இல்லை, தமிழ் இடைமுகமும் உண்டு.

• ஆர்வம் இருக்கும் பிள்ளைகளுக்கு, பக்கத்து விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது என்று சொல்லுங்க.

• ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைங்க.

அடுத்த தடவை புதுச் செயலி ஒன்றை ஏற்றும்போது ஒரு நிமிஷம் யோசிங்க. விளக்கு நம்ம கையில் இருக்கிறது, சரி. அச்சு யாரிடம் இருக்கிறது, அது தேய்ந்தால் யார் புதுசு எடுப்பார்கள்? இதைக் கேட்கக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை.