உதவி கிடைக்கும் வாசல் ஊருக்குத் தெரியட்டும்

உக்கடத்திலோ கரும்புக்கடையிலோ, ஈரோட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ, உங்கள் மஹல்லாவில் ஒரு பைத்துல்மாலோ கல்வி உதவிக் குழுவோ ஜனாஸா சேவைக் குழுவோ இயங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த தெருவில் வாடும் விதவைத் தாய்க்கு அதன் பெயர் தெரியுமா?

தருமத்தை மறைத்துச் செய்வதே சிறப்பு என்பர் பெரியோர். உண்மையே. எனினும் மறைக்க வேண்டியவை கொடுப்பவரின் பெயரும் பெறுபவரின் முகமும்தான். உதவி கிடைக்கும் வாசலையுமா மறைப்பது?

விளம்பரத்திற்குப் பணமில்லையே என்று தயங்காதீர்கள். கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். ஞாயிறு காலைகளில் கூடிக் குளங்களைத் தூய்மை செய்யும் பணியை 2017இல் அது தொடங்கியது. எங்கே கூடுவது, எத்தனை மணிக்கு என்று சமூக வலைத்தளங்களில் அறிவித்தே ஆட்களைத் திரட்டியது. வறண்டு கிடந்த வெள்ளலூர்க் குளத்தில் பின்னர் நீர் நிறைந்தது. கரையில் மியாவாக்கி முறையில் அடர்வனமும் எழுந்தது. வாரந்தோறும் தவறாமல் வேலை நடந்ததால் அறிவிப்பை மக்கள் நம்பினர். ரமளானில் மட்டும் விழித்துக்கொள்ளும் நம் குழுக்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

நம்மவர் முதலில் நாடுவது வாட்ஸ்அப் குழு. அதில் சேரும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம் சகோதரிகள் பலர் விலகி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் அல்லவா? 2023இல் அறிமுகமான வாட்ஸ்அப் சேனலில் இத்தொல்லை இல்லை. பின்தொடர்வோரின் எண்ணை மற்றப் பின்தொடர்வோர் காண முடியாது.

அடுத்து, கூகுள் வரைபடத்தில் உங்கள் அலுவலகத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்யுங்கள். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் தேடுகிறவருக்கு அழகிய இணையதளம் எதற்கு? தொலைபேசி எண்ணும் வழியும் போதும். தகுதிபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள தேடல் விளம்பரங்களையும் கூகுள் இலவசமாக அளிக்கிறது. ஆனால் சொந்த இணையதளம் வேண்டும். பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் சேர முடியாது. சிறிய மஹல்லாக் குழுவுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்! பதிவுபெற்ற அறக்கட்டளையாயின், நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் இலவசமாகப் பெயரைச் சேர்ப்பது மேல்.

நன்கொடைக்கான கியூஆர் குறியீட்டை வெளியிடுவோர் கவனிக்க: இந்தியக் குடியுரிமையுடன் வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் தம் சேமிப்பை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் அனுப்பினால் ஆகும். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் தேவை.

இனிப் படங்கள். கோவையின் ஈரநெஞ்சம் அமைப்பு, ஆதரவற்றுத் திரிந்தோரின் விவரங்களை முகநூலில் வெளியிட்டுப் பலரை உறவினரிடம் சேர்த்தது. அங்கே முகத்தைக் காட்டுவதே உதவி. அரிசிப் பையை ஏந்தி நிற்கும் தாயின் முகத்தைக் காட்டுவதால் யாருக்கு என்ன பயன்? அவருடைய மகளின் வகுப்புத் தோழியரும் அதைப் பார்ப்பார்களே! பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதோ 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

படத்திற்குப் பதில் கணக்கை வெளியிடுங்கள். வந்த தொகை, கல்விக் கட்டணத்திற்குச் சென்றது, மருத்துவத்திற்குச் சென்றது, கையிருப்பு என நான்கே வரிகள். ஜகாத்தையும் ஸதகாவையும் தனித்தனியே காட்டுங்கள். மாதந்தோறும் ஒரே தேதியில் அது வெளிவரட்டும். வரவே இல்லாத மாதத்திலும்.