வயசு இல்லை, வலி

"வயசாயிடுச்சு டாக்டர், முன்ன மாதிரி துள்றதில்ல." லாப்ரடார் வளர்ப்பவர்கள் இதை ஒரு நோயாகச் சொல்வதில்லை, தடுப்பூசிக்கு வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொல்வார்கள். நான் நாய்க்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு தொடைகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பேன். அநேகமாக ஒன்று மெலிந்திருக்கும். பல மாதங்களாக அந்தக் காலில் பாரம் போடாமல் ஒப்பேற்றியிருக்கிறது என்று அர்த்தம். இடுப்பு மூட்டைப் பின்பக்கமாக மெல்ல நீட்டினால் கத்தாது. திரும்பி என் கையைப் பார்க்கும், உதட்டை நக்கும். வலியை அது காட்டுவது அவ்வளவுதான்.

இந்த வலிக்குக் காரணமான மூட்டுத் தேய்மானம் கிழட்டு நாய்க்கு மட்டும் வருவதில்லை. வளரும் பருவத்திலேயே தொடை எலும்பின் பந்து இடுப்பு எலும்பின் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் போகலாம். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துபோகலாம். நாய்களில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அது தேய்வதை நாய் உணராது. வலிப்பது மூட்டைச் சூழ்ந்த சவ்வும் குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பும்தான். அங்கே அழற்சி வந்ததும் சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்பு நுனிகளை உசுப்பிவிடுகின்றன. அப்புறம் எழுந்து நிற்பதே வேதனை. எக்ஸ்ரேயில் மூட்டு படுமோசமாகத் தெரியும் நாய் ஓடியாடுவதும், லேசாகத் தெரியும் நாய் முடங்கிக் கிடப்பதும் இதனால்தான்.

அந்த வேதிப்பொருள்களில் ஒன்று 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்ற புரதம். அதைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி மொந்தால்சினிக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே புரதத்தைக் கட்டிப்போடும் பெடின்வெட்மாப் என்ற மாதாந்திர ஊசிக்கு அமெரிக்கா 2023-இல் அனுமதி தந்தது. அடுத்த ஆண்டே தள்ளாட்டம், வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் பதிவாவதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. புது மருந்தென்றால் எனக்குக் கொஞ்சம் நிதானம் உண்டு.

நான் முதலில் நாடுவது எடை மெஷினைத்தான். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு தீனி குறைத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுக்கு மருந்து தேவைப்பட்டதும் தாமதமாகத்தான். நம் வீடுகளில் தாத்தா டீயில் நனைத்துப் போடும் பிஸ்கட் கணக்கிலேயே வருவதில்லை! தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு.

அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸில் பின்கால் வழுக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு வெட்டி இழுக்கும். நாய் நடமாடும் வழியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். மொட்டைமாடியில் பந்து எறிந்து ஓடவிடாமல், தினமும் ஒரே அளவில் நிதானமாக நடக்க வையுங்கள்.

மெலாக்சிகம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு, எடைக்கேற்ற அளவில்தான் தர வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். வயிற்றில் புண் வந்து, சிறுநீரகம் கெட்டு நாய் செத்தே போகலாம்.

கிளினிக்குக்கு வந்தால் பயத்தில் நொண்டி நாயும் நேராக நடக்கும். அதனால் காலையில் அது படுக்கையிலிருந்து எழுவதையும் மாடிப்படி ஏறுவதையும் செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள். என் கைக்குத் தெரியாதது பல சமயம் அதில் தெரிந்துவிடும்.