மெல்ல வளரும் முட்கள் – 11: காலையில் புளிப்பு, மதியம் சப்பு

மாவுப்பூச்சியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுவேன். அதற்கு முன்னால் தரங்கம்பாடி வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. தொட்டியும் மண் கலவையும் போன இரண்டு வாரங்களில் முடிந்தன. ஆற்று மணல், செங்கல் சில்லு, மரக்கரி, ஒரு கைப்பிடி மட்கிய எரு. அதைத் திரும்பச் சொல்ல இங்கே இடமில்லை.

ஈரோட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அஸ்ட்ரோஃபைட்டம் என்ற கள்ளியை வாங்கி மூன்று வருஷமாகிறதாம். அன்றைக்கு எலுமிச்சம்பழ அளவு, இன்றைக்கும் அதே அளவு. கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார், டீத்தூள் போட்டிருக்கிறார், யாரோ சொன்னார்கள் என்று யூரியாகூட ஒரு சிட்டிகை வைத்திருக்கிறார். “இதற்கு என்ன நோய் என்று மட்டும் சொல்லுங்கள்” என்று முடித்திருந்தார்.

நோய் எதுவும் இல்லை அம்மா. தொட்டால் கெட்டியாக இருக்கிறது, வெயில் காலத்தில் மஞ்சளாகப் பூக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நன்றாக இருக்கிறது. அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்தில் நாற்பது, ஐம்பது அடி உயரத்துக்கு நிற்கும் சகுவாரோ கள்ளி, தன் முதல் எட்டு வருஷத்தில் வளர்வது ஒன்று முதல் ஒன்றரை அங்குலம்தான். முதல் பூவைப் பார்க்க ஏறக்குறைய 35 வருஷம். பக்கக் கிளை விட ஐம்பதிலிருந்து எழுபது வருஷம் ஆகலாம். யூரியாவை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆனால் கேள்வி நியாயமானது. ஏன் இவ்வளவு மெதுவாக? இதைத் தேடிப் போன இடத்தில்தான் பெஞ்சமின் ஹெய்ன் எனக்குக் கிடைத்தார். வாரம் முழுக்க அவரைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஹெய்ன் 1770இல் ஜெர்மனியில் பிறந்தவர். மொரேவியன் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது அது டேனிஷ்காரர்களின் ஊர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரானார். கோதாவரிப் பக்கத்தில் சாமல்கோட்டையில் கம்பெனி வைத்திருந்த தோட்டத்தைக் கவனித்தார். திப்பு வீழ்ந்த பின் பெங்களூர் லால்பாக்கும் அவர் பொறுப்பில் வந்தது. 1819இல் சென்னை வேப்பேரியில் இறந்தார்.

இந்தியாவில் இருந்தபோது அவர் செய்த ஒரு காரியம் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சியைத் தருகிறது. ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். நம் வீடுகளில் இருக்கிற அதே ரணகள்ளிதான். இலையைக் கட்டித் தொங்கவிட்டால் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைக்கும்; அதனாலேயே ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று பெயர். விடியற்காலையில் அந்த இலை நல்ல புளிப்பு. வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைந்து மதியத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. சாயங்காலம் லேசாகக் கசக்கிறது. மறுநாள் விடிந்தால் மறுபடியும் புளிப்பு. 1813இல் இதை லண்டனிலிருந்த லாம்பெர்ட் என்ற தாவரவியலாளருக்கு ஒரு கடிதமாக எழுதினார். 1815இல் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சானது.

நுண்ணோக்கி இல்லை, ரசாயனக் குடுவை இல்லை. ஒரே செடியின் இலையைக் காலையிலும் மதியத்திலும் மாலையிலும் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அந்தப் புளிப்புதான் பாலைவனச் செடிகள் எப்படி உயிர்வாழ்கின்றன என்ற கதையின் நுழைவாயில். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1804இல், ஜெனீவாவின் தியோடர் டி சோஸ்யூர், சப்பாத்திக்கள்ளி இனத்தின் மடல்கள் இருட்டில் கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுப்பதை அளந்து எழுதியிருந்தார். இருவர் கண்டதும் ஒன்றே என்பது முழுதாக விளங்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

நானும் இந்த வாரம் மொட்டைமாடி ரணகள்ளியில் விடியலில் ஒரு துணுக்கு, உச்சிப்பொழுதில் ஒரு துணுக்கு கிள்ளி நுனிநாக்கில் வைத்துத் துப்பினேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய கடிதம் அப்படியே உண்மை. நீங்களும் செய்யலாம், ஆனால் விழுங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் இந்த இனச் செடிகளை மேய்ந்து மாடுகள் செத்திருக்கின்றன. பால் வடிகிற எதையும், சதுரக்கள்ளி, திருகுகள்ளி, எருக்கு எதையுமே, நாக்கின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் பி.எச். தாள் வாங்கிக் கொடுங்கள். இலையைக் கசக்கித் தாளில் ஒற்றினால் காலைக்கும் மாலைக்கும் நிறம் மாறுவதை அவர்களே பார்ப்பார்கள்.

சரி, புளிப்பு எங்கிருந்து வருகிறது? சாதாரணச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே விட்டு, அப்போதே வெளிச்சத்தில் சர்க்கரை செய்கிறது. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் தண்ணீர் ஆவியாகிப் போகும். பாலைவனத்தில் அது கட்டுப்படியாகாது. அதனால் கள்ளி பகல் முழுக்கத் துளைகளை மூடிவைத்திருந்து, காற்று குளிர்ந்த பிறகு ராத்திரியில் திறக்கிறது. உள்ளே வந்த கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்க இரவில் வெளிச்சம் கிடையாதே. அதனால் மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பைகளில் சேர்த்துவைக்கிறது. விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்துச் சமைக்கிறது.

சென்னையில் நடுராத்திரி குழாயில் தண்ணீர் வரும் தெருக்களில் குடியிருந்தவர்களுக்கு இது உடனே புரியும். குடம், தவலை, அண்டா என்று இருக்கிற அத்தனையையும் ராத்திரியே நிரப்பிவைத்து, மறுநாள் சமையலும் துவையலும் அதிலேதான். பாத்திரம் காலியானால் வேலை நின்றுவிடும். கள்ளியிடம் எத்தனை பாத்திரம் இருக்கிறதோ அத்தனைதான் ஒரு நாளின் வளர்ச்சி.

லாபம் சாதாரணமானதல்ல. ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பெற நெல், அவரை போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. கள்ளி இழப்பது 50 முதல் 100 கிராம். வறட்சி மிஞ்சினால் ராத்திரியும் துளையைத் திறக்காது; தன் மூச்சில் வெளிவரும் வாயுவையே உள்ளுக்குள் மறுபடி மறுபடி உபயோகித்துக்கொண்டு, வளராமல், சாகாமல் காத்திருக்கும்.

இது தெரிந்த பிறகு கள்ளி வளர்ப்பில் என் கணக்கு முழுக்க ராத்திரிக்கு மாறிவிட்டது. உங்கள் கள்ளிக்கு எவ்வளவு வெயில் கிடைக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ராத்திரி எவ்வளவு குளிர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பழத்துக்காக வளர்க்கப்படும் ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தை அளந்து பார்த்தபோது, பகலில் 25 டிகிரி, இரவில் 15 டிகிரி இருக்கையில்தான் அது மிக நன்றாகக் காற்றை உள்ளிழுத்தது. மே மாதத்துச் சென்னையில் விடியற்காலைகூட 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். துளையைத் திறக்கவே செடி யோசிக்கும். ஓசூரிலும் ஏற்காட்டிலும் அதே ரகம் செழிப்பதற்கு அந்த ஊர் இரவுகளே காரணம்.

ஆகவே அக்னி நட்சத்திரத்தில் கள்ளிக்கு உரம் வைக்காதீர்கள். அது வேலையை நிறுத்திவைத்திருக்கும் காலம். அப்போது வைக்கும் உரம் மண்ணில் உப்பாகத் தங்கி வேர்முனையைக் கருக்கும். யூரியா எந்தக் காலத்திலும் வேண்டாம். நைட்ரஜன் மிகுந்தால் திசு ஊதி, தோல் மெலிந்து, வெடிக்கவும் அழுகவும் தயாராகிவிடும். கோடையில் தண்ணீரும் குறைவாகத்தான், அதையும் வெயில் தாழ்ந்த பிறகு, செடியின் தலையில் படாமல் மண்ணில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் சுட்டுக் கிடக்கும் தொட்டியில் தண்ணீர் விட்டால் வேர் வெந்துபோகும். மழை முடிந்த மார்கழி, தையில் சமவெளிக்காரர்கள் கொஞ்சம் தாராளமாக ஊற்றலாம், நீர்த்த உரமும் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் தொட்டிகள் கூரைக்கு அடியில் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

மெதுவாக வளரும் செடி தண்ணீரையும் மெதுவாகத்தான் குடிக்கும். அழுகல் வருவதற்கு இதுதான் மூலம். செம்பருத்தி இரண்டு நாளில் குடித்துவிடும் தண்ணீர், கள்ளித் தொட்டியில் இரண்டு வாரம் கிடக்கும். அந்த ஈரத்தில் ஃபைட்டோஃப்தோரா, ஃபியூசேரியம் போன்ற அழுகல் கிருமிகள் வேர் வழியாக ஏறுகின்றன. மேலே ஒன்றும் தெரியாது.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் போன வாரம் இப்படித்தான் வந்தார். “அண்ணே, மேல பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆட்டினா ஆடுது.”

“புடுங்கிப் பாத்தியா, தம்பி?”

“ஐயோ, முள்ளுண்ணே.”

செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினோம். கையோடு வந்துவிட்டது. வேர் என்று ஒன்று இல்லை. நர்சரியிலிருந்து வாங்கிய அன்றைய கோகோபீட் உருண்டை அப்படியே அடியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி புதுத் தொட்டியும் புது மண்ணும் போட்டிருந்தார், அந்த உருண்டையை மட்டும் உதிர்க்கவில்லை.

இப்படி ஆனால் செய்ய வேண்டியது இது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு வளையம் தெரியும். தண்ணீர் ஏறும் பாதை அது. அந்த வளையத்தில் ஆரஞ்சோ பழுப்போ ஒரு புள்ளி இருந்தாலும் இன்னும் மேலே வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தபடி. முழுக்கச் சுத்தமான பச்சையும் வெள்ளையும் தெரிந்ததும் நிறுத்தி, கந்தகத் தூள் தடவி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வெட்டிய முகம் காய்ந்து தோலாக வேண்டும். சின்னச் செடிக்கு ஒரு வாரம், பருத்ததற்கு இரண்டு மூன்று வாரம். பிறகு காய்ந்த மணல்மேல் உட்கார வைத்தால் போதும். வேர் தலைகாட்டும்வரை தண்ணீர் கிடையாது. தம்பியின் செடி இப்போது என் ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருக்கிறது.

அழுகலென்று பயந்து நல்ல செடியை வெட்டிவிடுபவர்களும் உண்டு. வயதான கள்ளியின் அடிப்பகுதி பழுப்பாகி, மரப்பட்டைபோல இறுகும். அது மூப்பு. விரலால் அழுத்துங்கள்: கெட்டியாக இருந்தால் வயது, அமுங்கினால் அழுகல். வெயில் பக்கத்தில் மட்டும் வெளிறிய திட்டு வந்தால் வெயில் சுட்டது. நர்சரி நிழலிலிருந்து நேரே மொட்டைமாடிக்குப் போன செடிக்கு வரும். ஷேட் நெட்டின் அடியில் சில வாரம் பழக்கியிருக்க வேண்டும். அந்தத் தழும்பு போகாது, செடிக்கு ஆபத்தும் இல்லை. நுனி கூம்பி வெளிர்பச்சையாக நீண்டால் வெளிச்சம் போதவில்லை.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெதுவான வளர்ச்சி இந்தச் செடிகளைத் திருடர்களின் கண்ணிலும் நிறுத்தியிருக்கிறது. கையளவு பருக்கப் பல பத்து வருஷம் ஆகும் செடியை நர்சரியில் வளர்த்துக் காத்திருப்பதைவிடப் பாலைவனத்தில் பிடுங்குவது அவர்களுக்குச் சுலபம். 2020இல் இத்தாலியின் செனிகாலியா ஊரில் ஒரு வீட்டில் போலீஸ் சோதனை போட்டபோது, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து பிடுங்கி வந்த கோபியபோவா முதலிய கள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் அகப்பட்டன. மறுவருஷம் எண்ணூறுக்கும் அதிகமான செடிகள் விமானத்தில் சிலிக்குத் திரும்பின. பருத்த, தழும்பேறிய, வேர் மொட்டையாக வெட்டப்பட்ட அரியோகார்பஸோ கோபியபோவாவோ உங்களிடம் விலைக்கு வந்தால், விதையிலிருந்து வளர்ந்ததா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள். எலுமிச்சை அளவுச் செடியே நல்ல செடி.

மாவுப்பூச்சிக்கு இனி அடுத்த வாரம்தான். அதன் நெருங்கிய சொந்தமான ஒரு பூச்சிக்காக டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். 1926இல் இலங்கை வழியாக வந்த இன்னொரு சொந்தம், தென்னிந்தியாவின் தரிசுகளை மூடிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியைச் சில வருஷங்களில் தின்று தீர்த்தது. அவ்வளவையும் இந்தப் பக்கத்தின் மூலையில் திணிக்க மனம் வரவில்லை.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு: முள் கிளம்பும் இடங்களில் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிந்தால், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சுக் குச்சியால், பொழுது சாய்ந்த பிறகு தொட்டுத் துடையுங்கள், மறுவாரம் திரும்பவும். தொட்டியில் எறும்பு ஏறினால் சந்தேகப்படுங்கள். மேலே எதுவுமே இல்லாமல் செடி சுருங்கிக்கொண்டே போனால், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவையுங்கள். வேரை எப்படிக் கழுவுவது, எதில் ஊறவைப்பது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.