மார்கழிக் கோலமும் தைந்நீராடலும்

செங்கற்பட்டு வட்டாரத்து இல்லங்களில் மார்கழி முதல்நாளே வாயிற்பணி தொடங்கிவிடும். மகளிர் வைகறையில் எழுந்து சாணநீர் தெளித்து, கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி அதன் நடுவே வைப்பர். இவ்வெளிய மனைவழக்கம் இலக்கிய ஆராய்ச்சிக்கும் பயன்படுவதாகும்.

நற்றிணையும் ஐங்குறுநூறும் மகளிர் நீராடலைத் தைத்திங்களுக்கு உரியதாகக் கூறுகின்றன. திருப்பாவையோ மார்கழிக்கு உரியதாக்குகின்றது. இடையே பரிபாடலின் 11ஆம் பாடல், மார்கழித் திருவாதிரையில் தொடங்கும் நீராடலையே தைந்நீராடல் என்கின்றது. முழுமதிக்கு மறுநாள் மாதம் பிறப்பதாகக் கொண்ட பழங்கணக்கின்படி, திருவாதிரையை அடுத்துப் பிறப்பது தையே என்பர் அறிஞர்.

இவ்விரு திங்களையும் இன்றும் பிணைத்து நிற்பது மனைவழக்கமே. நெல்லைப் பகுதியில், பூச்செருகிய சாணத்தை உலர்த்திக் காத்து, தையில் சிறுவீட்டுப் பொங்கலிட்டு நீரில் விடுவர். செங்கற்பட்டுப் பகுதியில், மார்கழிக் கோலம் பொங்கலோடு நிறைவுற, காணும் பொங்கலன்று குடும்பங்கள் மாமல்லபுரக் கடற்கரையை நாடுகின்றன. இருவழக்கும் மார்கழியில் தொடங்கித் தையில் நீர்க்கரையில் முடிகின்றன. இவை பண்டை நோன்பின் எச்சமே எனத் துணிதல் அரிது. ஆயினும் ஒப்புநோக்கத் தக்கன.

மண்வாயில் சிமெண்டுத் தளமாகவும், தனிமனை அடுக்ககமாகவும் மாறிவரும் இந்நாளில் இச்சான்று விரைந்து மறைகின்றது. பரிபாடலை உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்துக் காத்தார். மகளிர் கையிலும் சொல்லிலும் வாழும் வழக்குகளை ஊரும் நாளும் குறித்து எழுதிவைத்தல் நம் ஆய்வு மாணவர் கடனாகும்.